பெடல் இறுகினால் செய்ய வேண்டியவை

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு குறிப்பாகத் தொடங்கியது.

கராஜுக்கு முகநூலில் ஒரு பக்கம் இருந்தால் ஆட்கள் தேடி வருவார்கள் என்று சிப்னாஸ் எங்கேயோ கேட்டுவிட்டு வந்தான். ஹட்டனில் அந்தக் கராஜ் அவனுடையது. நான் அங்கே வேலை செய்கிறவன். எஞ்சினை இறக்கி ஏற்றுவது, தகரம் ஒட்டுவது எல்லாம் அவனுக்குக் கைவந்த வேலை. நான்கு வரி எழுதுவது மட்டும் வராது. நான் முன்பு தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலைக்கு நின்றபோது கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டிருப்பேன் என்று யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள்.

“பழைய ஸ்போர்ட்ஸ் கார்ல பெடல் இறுகினா என்னத்த செய்றதுன்னு ஒரு பக்கம் எழுதித் தாடா மச்சான்,” என்றான். “மஃறூப் நானாட கார்ட போட்டோவையும் போடுவோம்.”

எழுதினேன்.

‘பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பெடல்கள் இறுகுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, அச்சில் துரு. இரண்டு, தேய்ந்த ரப்பர். மூன்று,’

அங்கே நின்றுவிட்டது. மூன்றாவது காரணம் நான்.

(இந்த வரியை எழுதியவுடன் எனக்கே பிடித்துப்போனது. எழுதியவனுக்கே பிடித்துப்போகிற வரியை நம்பக் கூடாது. உண்மையைச் சொல்லிவிட்டதுபோல் பாவனை செய்து, நாள், நேரம், கை, போத்தல் எல்லாவற்றையும் அது மறைத்துவிடுகிறது. இருந்தாலும் விட்டுவைக்கிறேன்.)

ஒன்றையும் ஒளித்துவைக்கப் போவதில்லை. அறுபது வயதுக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் ஒரு பழைய காரில் மலையிறங்கப் போகிறார்கள். அந்தக் காரின் பிரேக்கில் நான் செய்த பிழை ஒன்று இருக்கிறது. அது எனக்கு மட்டும் தெரியும். திருப்பம் எதுவும் கிடையாது. நான் எப்போது வாயைத் திறப்பேன் என்பதுதான் கதை.

2

முதல் தொடக்கம்: ‘மழை பெய்துகொண்டிருந்தது.’ (அடித்துவிட்டேன். ஹட்டனில் மழை பெய்வது செய்தியே அல்ல.)

இரண்டாம் தொடக்கம்: ‘சிவப்பு நிறத்தில், பதுங்கிய புலிபோல, அந்தக் கார் கராஜுக்குள்’ (பொய். கார் புலிபோல வரவில்லை. சிப்னாஸும் நானும் தள்ளிக்கொண்டு வந்தோம். இடப்பக்கக் கதவு நைலோன் கயிற்றால் கட்டியிருந்தது.)

மூன்றாம் தொடக்கம்: ‘மஃறூப் நானா இடது காலைத் தூக்கி முழங்காலைக் காட்டினார்.’

இது நடந்தது. இதிலிருந்தே போகிறேன்.

மஃறூப் நானாவுக்கு ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே டயர் கடை. முப்பது வருசத்துக்கு முன் தோட்டத் துரை ஒருவர் நாட்டைவிட்டுப் போனபோது விட்டுப்போன, இரண்டு பேர் மட்டும் உட்காரும் காரை, யாரும் கேட்காத விலைக்கு வாங்கி வைத்திருந்தார். ஐம்பது வருசத்துக் கார். மேலே துணிக் கூரை. கடைசிப் பத்து பதினொரு வருசமாகக் கடைக்குப் பின்னாலிருந்த கொட்டிலில் கிடந்தது. இப்போது எஞ்சினுக்கு உயிர் வந்துவிட்டது, பெடல்கள்தான் வழிக்கு வரவில்லை என்றார். கிளச்சை மிதித்தால் பாறையை மிதிப்பதுபோல இருக்கிறதாம். அதனால்தான் முழங்காலில் வீக்கம். பிரேக் அதைவிட மோசம்.

“மிதிச்சா ஒன்னும் இல்ல, ஒன்னும் இல்ல, பொறகு ஒரேயடியா புடிக்குது தம்பி. தலை போய்க் கண்ணாடில முட்டுது.”

“கார் ஒங்களுக்கு சலாம் போடச் சொல்லித் தருது நானா,” என்றான் சிப்னாஸ்.

வேலையை எனக்குக் கொடுத்தான். நான் இரண்டு நாள் அந்தக் காருக்குள் தலைகீழாகப் படுத்துக் கிடந்தேன். கால்கள் இருக்கைமேல், தலை பெடல்களுக்கு அடியில். அந்தக் காரில் கிளச்சும் பிரேக்கும் ஒரே அச்சில் தொங்கும். அச்சு ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். துணிக் கூரை வழியாக ஒழுகிய தண்ணீர் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் போய்த் தேங்கியிருந்தது. அச்சும் அதைச் சுற்றியிருந்த புஷ் வளையமும் துருவேறி ஒரே இரும்பாகிவிட்டிருந்தன. இறுக்கத்துக்குக் காரணம் அது. மிதிக்கும்போது துரு முதலில் பிடித்து நின்று பிறகு சட்டென்று விட்டுக்கொடுப்பதால்தான் பிரேக் ஒரேயடியாகப் பிடித்தது.

அச்சைத் தட்டிக் கழற்றினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கடைசல் கடையில் புதிய புஷ் கடைந்து வாங்கினேன். கிரீஸ் வைத்தேன். பெடலைத் திருப்பி இழுக்கும் சுருளை மாற்றினேன். பிரேக் சிலிண்டருக்குள் இருந்த ரப்பர் கிண்ணங்களைப் புதிதாகப் போட்டேன். புதிய போத்தல் உடைத்து பிரேக் ஒயில் ஊற்றி, நான்கு சில்லின் பிரேக் குழாய்களிலும் சிக்கியிருந்த காற்றை வெளியேற்றினேன்.

இதுவரை சொன்னது சரியான வழி. நீங்களும் உங்கள் காரில் செய்து பார்க்கலாம். அந்தக் குறிப்பை நான் இந்த இடத்தில் முடித்திருந்தால் சிப்னாஸ் சந்தோசப்பட்டிருப்பான்.

3

வெள்ளிக்கிழமை மூன்று மணிபோல மஃறூப் நானா வந்தார். கூட அவர் மனைவி செரீபா வந்திருந்தார். நான் அவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். குடையை மடக்கி, தண்ணீரை வாசலுக்கு வெளியே உதறிவிட்டு, காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அந்தக் காருக்குள் அவர் ஏறியதே இல்லை என்று சிப்னாஸ் பிறகு சொன்னான். அதை அவர் பெட்டி என்றுதான் சொல்வாராம். என்ன பெட்டி என்று சொல்ல மாட்டாராம்.

மஃறூப் நானா உள்ளே ஏறி இரண்டு பெடலையும் மாற்றி மாற்றி மிதித்தார். முகம் சின்னப் பிள்ளையின் முகமாகிவிட்டது.

“வெண்ணெ மாதிரி போவுது, பாருங்க,” என்றார் மனைவியிடம்.

செரீபா அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“ஒண்ட பேரென்ன?”

“கஜேந்திரன்ங்கம்மா.”

“இவருக்கு இந்தக் கார்னா கண்ணு தெரியாது. அதனால ஒன்னயக் கேக்கிறன். ஒண்ட வீட்டு ஆள இதுல ஏத்தி, கினிகத்தேனை எறக்கத்துல அனுப்புவியா?”

“அனுப்புவேன்ங்கம்மா. நீங்க பயப்படாம ஏறுங்க.”*

செரீபா அம்மா பிறகு கணவரிடம், ஞாயிற்றுக்கிழமை பொல்பிட்டியவுக்கு இதிலேயே போகலாம் என்றார். அங்கே அவர்கள் மகள் ஷப்னா இருக்கிறாள். மருமகனுக்கு மின் நிலையத்தில் வேலை. மஃறூப் நானா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கூரைத் துணியைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டார்.

* என் வீட்டு ஆள் என்று அப்போது யாரும் ஹட்டனில் இல்லை. அம்மாவும் அக்கா சர்மிளாவும் நானுஓயாவில் இருக்கிறார்கள். எந்தக் காரிலும் ஏற்றி அனுப்ப எனக்கு ஆளில்லாதபோது அந்தப் பதில் சுலபமாக வந்தது. அப்போது அது பொய்யும் அல்ல. வேலை சுத்தமாகச் செய்திருந்தேன். நான் சொல்லி ஒரு ஆள் ஒரு காரியத்தைச் செய்ய முடிவெடுத்தது அதுதான் முதல் தடவை. அது தலைக்கேறியது.

4

கடைசியாக ஒரு சின்ன வேலை பாக்கி இருந்தது. பிரேக் ஒயில் தொட்டியில் இரண்டு விரல் அளவு குறைந்திருந்தது.

‘குறைந்திருந்ததை மதுரன் பார்த்தான். மதுரனுக்கு நாற்பது வயது. காதில் எப்போதும் போன். எதையும் பாதிக் கவனத்தோடுதான் செய்வான். அலுமாரியிலிருந்து ஒரு போத்தலை எடுத்தான். போனில் யாரோ அவனைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். மூடியைத் திறந்து’

இந்தப் பந்தியை மூன்று தடவை திருத்தினேன். மதுரனுக்கு ஒரு குடிப் பழக்கம் கொடுத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். அவனுக்கு மனைவியோடு சண்டை வைத்தேன். வாசகருக்கு அவன்மேல் கொஞ்சம் இரக்கமும் வர வேண்டும் என்று அவன் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பிய்த்தேன். நன்றாகத்தான் வந்தான்.

மதுரன் என்று ஒருவன் இல்லை. எங்கள் கராஜில் சிப்னாஸ், நான், ஒரு பூனை. சிப்னாஸ் அந்த நேரம் தொழுகைக்குப் போயிருந்தான். பூனை போத்தல் திறக்காது.

போத்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் எந்தப் போத்தலும் வெறும் போத்தலாகக் குப்பைக்குப் போகாது. ஏதாவது ஒன்று அதற்குள் திரும்ப நிரம்பும். மெசின் எண்ணெய், மண்ணெண்ணெய், யாருடையதோ முழங்கால் தைலம். வெளியே ஒட்டியிருக்கும் தாளை எங்களில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது, வாசிக்கத் தெரிந்தவனுக்கும் அந்த மங்கல் வெளிச்சத்தில் தெரியாது. ஆகவே ஒரு வழக்கம். உள்ளே இருப்பது மாறிவிட்டால் போத்தல் கழுத்தில் துணிக் கிழிசல் ஒன்றைக் கட்டுவோம். சிவப்பு என்றால் எண்ணெய். வெள்ளை என்றால் மண்ணெண்ணெய். துணி இல்லாவிட்டால் வெளியே என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உள்ளே. ஒரு சிப்ட் ஆள் வீட்டுக்குப் போய்விடுவான், அடுத்த சிப்ட் ஆளுக்கு அந்தத் துணிதான் பேசும். யாரும் அதைச் சந்தேகிக்க மாட்டார்கள். நானும் நான்கு வருசம் சந்தேகித்ததில்லை.

அந்த வழக்கத்தைக் கராஜுக்குக் கொண்டுவந்தவன் நான்தான். காரைத் தூக்கும் ஜெக்குக்கு ஊற்றும் எண்ணெயைப் பழைய பிரேக் ஒயில் போத்தல் ஒன்றில் ஊற்றி, கழுத்தில் சிவப்புத் துணி கட்டி வைத்தவனும் நான்தான்.

வியாழக்கிழமை அச்சைத் தட்டும்போது பெடல் கீழே விழுந்து விழுந்து முகத்தில் இடித்தது. அதை மேலே தூக்கிக் கட்ட ஒரு துண்டுத் துணி தேவைப்பட்டது. கையெட்டும் தூரத்தில் அலுமாரி. படுத்தபடியே கையை நீட்டி, அகப்பட்ட துணியை உருவிப் பெடலைக் கட்டினேன். சிவப்புத் துணி.

வெள்ளிக்கிழமை, செரீபா அம்மாவுக்குச் சொன்ன பதில் வாயில் இனித்துக்கொண்டிருக்கும்போது, அதே அலுமாரியிலிருந்து துணி இல்லாத போத்தலை எடுத்தேன். வெளியே பிரேக் ஒயில் என்றிருந்தது. ஜெக் எண்ணெயும் பிரேக் ஒயிலும் ஒரே வெளிர்மஞ்சள். விரலில் தேய்த்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். விரலெல்லாம் கிரீஸ்.

இரண்டு விரல் அளவு ஊற்றி மூடியைத் திருகினேன். அவர்கள் ஏறிப் போனார்கள். செரீபா அம்மா ஏறவில்லை. அவர் குடையோடு நடந்தே போனார். ஏறுவதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்தார்.

(‘அவர்கள் ஏறிப் போனார்கள்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே மாற்றிச் சொல்கிறேன். அழிக்கவில்லை. பயந்தவன் எழுதினால் இப்படித்தான் வரும்.)

5

கராஜ் மூடும் நேரத்தில் புனலைக் கழுவினேன். பிரேக் ஒயில் தண்ணீரோடு கலந்து போய்விடும். எண்ணெய் போகாது. புனலிலிருந்து வழிந்த தண்ணீரில் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்தது.

பால் போடாத பிளேன்டி குடித்த கிளாஸில் தண்ணீர் பிடித்தேன். போத்தலிலிருந்து ஒரு சொட்டு விட்டேன். சொட்டு கலையவில்லை. உருண்டு, விரிந்து, மேலே வந்து உட்கார்ந்தது. இன்னொரு சொட்டு விட்டேன். அதுவும் போய் முதல் சொட்டோடு ஒட்டிக்கொண்டது. பிறகு அலுமாரியைப் பார்த்தேன். பிறகு நிலத்தில் கிடந்த சிவப்புத் துணியைப் பார்த்தேன்.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டும். இல்லாவிட்டால் நான் எதற்குப் பயந்தேன் என்பது உங்களுக்குப் புரியாது.

எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் உப்பும். உடனே அல்ல. ஒரு நாள், இரண்டு நாள். பெடலிலிருந்து காலை எடுத்ததும் ஒயில் தொட்டிக்குத் திரும்பி அழுத்தம் இறங்குவதற்குச் சிலிண்டருக்குள் ஊசித் துளை ஒன்று இருக்கிறது. உப்பிய ரப்பர் அதை மூடிவிடும். மூடினால், காலை எடுத்தாலும் பிரேக் விடாது. சில்லைப் பிடித்துக்கொண்டே இருக்கும். உரசும், சூடாகும். இறக்கத்தில் மிதிக்க மிதிக்க இன்னும் சூடாகும். கடைசியில் உள்ளே இருப்பது கொதித்துக் குமிழியாகும். குமிழியை மிதித்தால் பெடல் தரைவரைக்கும் போகும். அப்போது அது வெண்ணெயைவிட இலகுவாகப் போகும்.

அந்த வெள்ளி மாலை நான் உடனே செய்தது இது: போத்தலில் மிச்சமிருந்ததைக் கராஜுக்குப் பின்னால் கழிவுநீர்க் கானில் ஊற்றினேன். போத்தலை மிதித்து நசுக்கினேன். கிளாஸைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். இதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் போனைக் கையில் எடுத்தேன். எடுத்து, மஃறூப் நானாவின் பெயரைப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. சிப்னாஸ் கத்துவான், இரண்டு நாள் பேச மாட்டான், அவ்வளவுதான். இந்த ஊரில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது: எடுத்ததைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறவன். தொழிற்சாலை வேலையை ஒரு நாள் சிப்ட்டின் நடுவிலேயே விட்டுவிட்டு வந்தவன். அது உண்மையும்கூட. அந்தப் பெயர் தெரியாத ஒரே ஆள் செரீபா அம்மா. அவருக்கு என்னைத் தெரியாததால்தான் நம்பினார். அந்த நம்பிக்கையை இன்னும் ஒரு நாள் வைத்திருக்க ஆசைப்பட்டேன்.

ஒரு பெண்ணின் உயிருக்கும் என்னைப் பற்றிய அவர் எண்ணத்துக்கும் நடுவில் நான் எண்ணத்தைத் தேர்ந்தெடுத்தேன். வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். இதைவிடச் சுத்தமாக வரவில்லை.

6

சனிக்கிழமை மதியம் டயர் கடைக்குப் போனேன். சுருளைச் சரிபார்க்க வேண்டும் என்று சொன்னேன். மஃறூப் நானா ஒரு லொறிக்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார், கொட்டில் சாவியைத் தூக்கிப் போட்டார்.

பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தேன். மெதுவாகத் திரும்பி வந்தது. நேற்று விரலை எடுத்ததும் எழும்பிய பெடல் இன்று யோசித்து யோசித்து எழும்பியது.

வெளியே வந்து, நானா, நாளைக்கு இதுல போவாதீங்க, சுருள் ஒன்னு மாத்தணும் என்றேன். திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளலாம் என்றார். பொஞ்சாதி முப்பது வருசத்துக்குப் பிறகு சம்மதித்திருக்கிறாள், ஒரு சுருளுக்காக அதைக் கெடுக்கச் சொல்கிறாயா என்று சிரித்தார். லொறிக்காரரும் சிரித்தார். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

திரும்பக் கொட்டிலுக்குள் போனேன். எஞ்சின் மூடியைத் தூக்கி, டிஸ்ரிபியூட்டரின் தொப்பியைக் கழற்றி, உள்ளே சுற்றும் ரோட்டரை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டேன். விரல் நீளம்கூட இல்லாத துண்டு. அது இல்லாமல் எஞ்சின் பற்றாது. இந்தக் காருக்கு அது ஹட்டனில் கிடைக்காது. கண்டியில்கூடச் சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வேறு வாகனத்தில் போவார்கள். திங்கட்கிழமை நான் கார் கராஜுக்கு வரட்டும் என்பேன், யாரும் பார்க்காமல் ரப்பர் எல்லாவற்றையும் மாற்றி, புது ஒயில் ஊற்றி, ரோட்டரையும் வைத்துவிடுவேன். யாருக்கும் எதுவும் தெரியாது.

[இங்கே முடித்திருக்கலாம். ஒரு பிழை, ஒரு சாமர்த்தியம், இரண்டு உயிர் தப்பியது. பைக்குள் ரோட்டரோடு ஒரு மனிதன் பஸ் நிலையத்தைக் கடந்து நடந்து போகிறான். பத்திரிகைக்காரர்கள் இந்த முடிவை வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள். அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன்.]

7

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மஃறூப் நானா எனக்குப் போன் எடுத்தார். குரலில் சிரிப்பு.

“தம்பி, நாட்டுல எப்பிடிக் கள்ளன் இரிக்கான் பாரு. காருட ரோட்டர எவனோ கழட்டிட்டுப் போயிட்டான். கார விட்டுட்டு ரோட்டர மட்டும் எடுக்கிற கள்ளன்.”

அப்படியா நானா என்றேன். இப்போது என்ன செய்யப் போகிறீர்கள் என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இருந்தது.

“என்ன செய்ய? போட்டுக்கிட்டு வந்துட்டம். பழைய கார் வச்சிருக்கிறவன் ரெண்டாவது ரோட்டர் இல்லாமலா இரிப்பான்? துரை தந்த சாமான் பெட்டிக்குள்ள ஒன்னு கெடந்துச்சு.”

அவர்கள் கினிகத்தேனை இறக்கத்துக்கு முன்னால் வரும் வட்டவளையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நின்றிருந்தார்கள்.

அதை நான் யோசித்திருக்க வேண்டும். பழைய கார் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். சோற்றுக்கு இல்லாவிட்டாலும் உதிரிப்பாகம் இரண்டு வைத்திருப்பார்கள். என் சட்டைப் பைக்குள் ஒரு ரோட்டர் இருந்தது. இப்போது அதற்கு ஒரு பெறுமதியும் இல்லை.

அவர் பேசிக்கொண்டே போனார். பெடல் கொஞ்சம் திரும்ப இறுகினதுபோல இருக்கிறதாம். கார் இழுபட்டுப் போகிறதாம். கியரை நியூட்ரலுக்கு எடுத்தால் இறக்கத்திலேயே நின்றுவிடப் பார்க்கிறதாம். முன் சில்லுப் பக்கம் எரிந்த வாசம். பிறகு அவரே சொன்னார்:

“புது ரப்பர் பழகுற வரைக்கும் அப்பிடித்தானே தம்பி?”

இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். நான் கண்டுபிடிக்க வேண்டியிருந்த பொய்யை அவரே எடுத்து என் கையில் வைத்தார். ஆமாம் என்ற ஒரு சொல் போதும்.

(ஆமாம் என்று சொல்லவில்லை. நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். அதைவிட மோசமானதைச் சொன்னேன்.)

“கொஞ்ச நேரம் ஆற விடுங்க நானா,” என்றேன்.

அது பாதி உண்மை. சூடாறினால் ரப்பர் கொஞ்சம் சுருங்கும், பிரேக் விடும், பெடல் இளகும். எல்லாம் சரியாகிவிட்டது என்று அவருக்குத் தோன்றும். அந்த நம்பிக்கையோடு கினிகத்தேனை இறக்கத்தில் இறங்குவார். முழுப் பொய்யைவிட அந்த அறிவுரை ஆபத்தானது. சொல்லும்போதே எனக்கு அது தெரியும்.

“ஆறிட்டு தம்பி. நாங்க வந்து அரை மணித்தியாலம். இப்ப மிதிச்சுப் பாத்தன், நல்லா இரிக்கி. சும்மா ஒண்ட காதுல போட்டு வப்பம்னுதான் எடுத்தன். ரெண்டாம் கியர்ல மெதுவா எறங்கிருவன்.”

நானா, வேணாம், பஸ்சுல போங்க என்றேன். ஏன் என்றார். ரப்பர் சரியில்லாமலிருக்கலாம் என்றேன். இருக்கலாமா, இருக்கிறதா என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவர் சிரித்துவிட்டார். நீ என்னைவிடப் பயந்தாங்கொள்ளி, அவள் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், பயம் காட்டாதே என்றார். போனை அவளிடம் கொடுக்கிறேன், நீயே தைரியம் சொல்லு என்றார்.

8

முடிவுகள்.

ஒன்று. உண்மையைச் சொல்கிறேன். அவர்கள் காரை அங்கேயே விட்டுவிட்டு முச்சக்கர வண்டியில் பொல்பிட்டியவுக்குப் போகிறார்கள். மகள் கறி சமைத்து வைத்திருக்கிறாள். (இதில் நான் நல்லவனாக வெளியே வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து ஞாயிறு காலை வரை வாய்மூடி இருந்தவன் எங்கே போனான்?)

இரண்டு. சொல்லவில்லை. கார் இறங்குகிறது. ஐந்தாவது வளைவு, ஆறாவது வளைவு, முன் சில்லிலிருந்து புகை, மஃறூப் நானாவின் கால் தரைவரைக்கும் (நிறுத்திவிட்டேன். அந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும். எந்தக் கல்லில் இடிக்கும் என்பதுவரை எழுத முடியும். நன்றாகவும் வரும். அதனால்தான் எழுத மாட்டேன்.)

மூன்று. சொல்லவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. போய்ச் சேர்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், திரும்பி வருகிறார்கள். ஏற்றத்தில் பிரேக் அதிகம் தேவைப்படாது. அடுத்த வாரம் நான் ரப்பரை மாற்றுகிறேன். செரீபா அம்மா எனக்கு ஒரு தட்டு நிறைய வட்டலப்பம் அனுப்புகிறார். (எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். இதில் நான் அந்த வட்டலப்பத்தைச் சாப்பிடுவேன்.)

நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும். சொல்லப் போவதில்லை. அவர்கள் பிழைத்தார்கள் என்றால் நீங்கள் மூச்சு விட்டுவிட்டு இதை மூடி வைப்பீர்கள். செத்தார்கள் என்றால் அவர்களுக்காக வருந்திவிட்டு மூடி வைப்பீர்கள். இரண்டிலும் நான் தப்பிவிடுவேன். நான் போனைக் கையில் எடுத்துத் திரும்ப வைத்த அந்த மாலை, யாருக்கும் நினைவில் நிற்காது.

ஆகவே கதை நிற்கும் இடம் இது. செரீபா அம்மா போனை வாங்குகிறார். தைரியம் சொல்லும்படி அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் என் மூச்சைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். பிறகு, கணவருக்குக் கேட்காதபடி தணிந்த குரலில் கேட்கிறார்:

“தம்பி, நீ என்ன செஞ்ச?”

அவருக்குப் பின்னால் எஞ்சின் பற்றுகிறது. மஃறூப் நானா ஹோர்னை இரண்டு தடவை அடித்து, ஏறுங்க, நேரமாவுது என்கிறார். இடப்பக்கக் கதவில் கட்டிய கயிற்றை அவர் உள்ளிருந்து அவிழ்க்கும் சத்தம் கேட்கிறது. நான் வாயைத் திறக்கிறேன்.

அந்தப் பதிலை நீங்கள் எழுதுங்கள். இத்தனை பக்கம் என்னோடு இருந்திருக்கிறீர்கள், இவன் என்ன சொல்லக்கூடியவன் என்று உங்களுக்குத் தெரியும். என்னைக் காப்பாற்றுவதற்காக எழுதாதீர்கள். காரில் இருக்கப்போவது நான் அல்ல.